பிடுங்கும் முன் ஒரு வார்த்தை

கணினி: கேள்வி – பதில்

சென்ற இதழில் பென் டிரைவைக் கழற்றுவது பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் மேசையில் அடுக்காக இருக்கின்றன. பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நான். அங்கே மாணவர்கள் கேட்ட அதே கேள்விகளை இப்போது தாத்தாக்களும் கடைக்காரர்களும் கேட்கிறார்கள். இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: பென் டிரைவைச் செருகியதும் கணினி ஒரு ஒலி எழுப்புகிறது. செருகியது பென் டிரைவா, மவுஸா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? – 9-ஆம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: கண்ணம்மா, அடுத்த முறை செருகும் முன் பென் டிரைவின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். தகரக் கூட்டுக்குள் நான்கு பொன்னிறப் பட்டைகள் தெரியும். ஓரத்துப் பட்டைகள் இரண்டும் விளிம்பை நோக்கி நீண்டிருக்கும். நடுவில் உள்ள இரண்டும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கும். ஓரத்தில் உள்ளவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை பேச்சுக்கு. ஆகவே செருகும்போது முதலில் மின்சாரம் சேர்கிறது, அடுத்துதான் பேச்சு தொடங்குகிறது. கழற்றும்போது பேச்சு முதலில் அறுகிறது, மின்சாரம் கடைசியாக விலகுகிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகி எடுக்கலாம் என்ற வசதிக்கு முதல் காவல் இந்த ஒரு மில்லிமீட்டர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேலைப்பாடு அது.

இனி பேச்சுக்கு வருவோம். பென் டிரைவ், மவுஸ் எல்லாம் கணினியோடு இணையும் பொது முறையான யு.எஸ்.பி.யில், 2.0 பதிப்பைச் சொல்கிறேன். எதுவும் செருகப்படாத போர்ட்டில், அதாவது செருகும் துளையில், பேச்சுக் கம்பிகள் இரண்டும் தாழ்ந்த மின்னழுத்தத்தில் கிடக்கும். செருகப்பட்ட கருவி, தன்னுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக அவற்றில் ஒன்றை உயர்த்தும். வகுப்பில் நீ கை தூக்குவாயே, அப்படி. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதை வைத்தே, வந்திருப்பது மெதுவான கருவியா, வேகமானதா என்று முதல் கணிப்பு கிடைத்துவிடும். ஆனால் கணினி உடனே நம்பிவிடாது. முனைகள் உரசும்போது தொடர்பு விட்டுவிட்டுத் துள்ளும் என்பதால் 100 மில்லி விநாடி பொறுத்துப் பார்க்கும். இணைப்பு நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகே கருவியை ரீசெட் செய்து, அதாவது தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, பேச அழைக்கும்.

அந்த நேரத்தில் கருவியின் முகவரி பூஜ்யம். புதிதாக வரும் எல்லாக் கருவிக்கும் அதே பூஜ்யம்தான் என்பதால், நான்கைச் சேர்த்துச் செருகினாலும் கணினி ஒவ்வொன்றாகத்தான் அழைக்க முடியும். "நீ யார்?" என்று கேட்டால் கருவி 18 பைட் நீளமுள்ள ஒரு குறிப்பை நீட்டும். தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண் எல்லாம் அதில் இருக்கும். கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஓர் எண்ணை முகவரியாகக் கொடுத்துவிட்டு, மேலும் விசாரிக்கும். அப்போது வருவதுதான் வகை எண். மவுஸும் விசைப்பலகையும் 3, அச்சுப்பொறி 7, பென் டிரைவ் 8. நீ கேட்டதற்கு விடை இந்த எண்தான். அதைப் பார்த்து, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் தன்னிடம் இருக்கும் டிரைவர் மென்பொருள்களில் (கருவியை இயக்கத் தெரிந்த நிரல்கள்) பொருத்தமானதை எடுத்து அமர்த்தும். விசாரணை முடியும்வரை கருவி 100 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுக்கக் கூடாது. முடிந்த பிறகு 500 வரை கேட்டுப் பெறலாம். இத்தனையும் நடந்தேறிய பிறகு கேட்பதுதான் அந்த ஒலி.

"நீ யார்?" என்று கேட்டும் ஒழுங்கான பதில் வராதபோது கணினி 'அன்னோன் யு.எஸ்.பி. டிவைஸ்' (இன்னதென்று தெரியாத கருவி) என்று திரையில் எழுதிக் காட்டும். இதே விஷயத்தைக் கேட்ட மற்ற நால்வருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். மென்பொருளைச் சந்தேகிப்பது அதற்கப்புறம்.

கேள்வி: "அப்படியே பிடுங்குங்கள் தாத்தா, இப்போதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறான் பேரன். "சேஃப்லி ரிமூவ் கொடுக்காமல் தொடாதீர்கள்" என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள், ஐயா. கருவியை எடுக்கப் போகிறேன் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லும் கட்டளைதான் சேஃப்லி ரிமூவ். பேரன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

செருகும்போது கணினி கேட்கிறது, கருவி பதில் சொல்கிறது. இரு தரப்புக்கும் அவகாசம் இருக்கிறது. பிடுங்கும்போது அந்த வாய்ப்பே இல்லை. கை இழுத்து முடித்த பிறகுதான் இயங்குதளத்துக்குச் செய்தி போகிறது. மவுஸ் போன்ற கருவி கழன்றுவிட்டது என்பதை போர்ட் 2.5 மைக்ரோ விநாடிக்குள் முடிவுசெய்துவிடும். வரவை நம்ப 100 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும் அதே இடம், பிரிவை அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அறிந்துகொள்கிறது. ஆனாலும் போன பிறகு அறிவதுதான். மவுஸாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. பென் டிரைவ் என்றால் கொடுக்க வேண்டியது ஏதேனும் கணினியின் கையில் பாக்கி இருந்திருக்கலாம்.

ஏன் பாக்கி வைக்கிறது? பென் டிரைவில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் எழுத வேண்டியதை இயங்குதளம் முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, உங்களிடம் "முடிந்தது" என்று சொல்லிவிட்டு, பின்னால் நிதானமாக எழுதும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் இப்படி வாங்கி வைத்தது 30 விநாடி வரை காத்திருக்கலாம். நகலெடுக்கும் பட்டை நூறு சதவீதத்தைத் தொட்டு மறைந்த பிறகும், கோப்பின் ஒரு பகுதி இன்னும் கணினிக்குள்ளேயே இருக்கக்கூடும்.

பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும்? நிலத்துக்குப் பணம் கொடுத்துக் கிரயம் முடித்துவிட்டு, பட்டாவில் பெயர் மாற்றாமல் விட்ட கதை ஆகும். பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட் குடும்பத்து முறையில் கோப்புகளை வைக்கின்றன. கோப்பின் உள்ளடக்கம் ஓரிடம், எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்ற அட்டவணை ஓரிடம், கோப்பின் பெயரும் அளவும் உள்ள பதிவேடு ஓரிடம். மூன்றும் எழுதப்பட்டால்தான் கோப்பு முழுமை. நிலம் உங்கள் கையில் இருக்கும், பதிவேடு வேறு மாதிரி சொல்லும்.

2009-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எங்கள் ஆய்வகத்தில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. இறுதியாண்டு மாணவி ஒருத்தி, மாலை ஐந்தரை மணிக்குக் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். லினக்ஸ் கணினியில் திட்ட அறிக்கையைப் பென் டிரைவுக்கு மாற்றினாள், பட்டை மறைந்தது, பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் திறந்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு பூஜ்யம். வெட்டியெடுத்து ஒட்டும் முறையில் மாற்றியிருந்ததால் ஆய்வகக் கணினியிலும் பிரதி இல்லை. அழுதுகொண்டே வந்தாள். விண்டோஸ் கணினி ஒன்றில் வட்டைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். பெயரில்லாத துண்டுகளைத் திரட்டி, ஃபைல் 0000 என்று தொடங்கும் பெயர்களில், சி.எச்.கே. என்று முடியும் கோப்புகளாக அது வரிசையாகக் கொடுத்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, படிக்க முடிந்ததை ஒட்டி, இரவு எட்டு மணிக்கு அறுபது பக்கங்களில் நாற்பத்தொன்றை மீட்டோம். மிச்சத்தை அந்தப் பெண் இரண்டு நாள் உட்கார்ந்து மீண்டும் தட்டச்சு செய்தாள். அன்று முதல் ஒவ்வொரு கணினியின் மேலும் "சொல்லிவிட்டு எடு" என்று கையால் எழுதி ஒட்டி வைத்தேன். நான் ஓய்வுபெறும்வரை அந்தத் தாள்கள் இருந்தன.

பேரன் பக்கத்து உண்மை இது: விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டு வந்த 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் சேமிப்புக் கருவிகளுக்கு 'குயிக் ரிமூவல்' என்ற முறையே இயல்பானதாக வைக்கப்பட்டிருக்கிறது. பாக்கி சேர்த்து வைக்காமல் அப்போதைக்கப்போது எழுதிவிடும் முறை அது. ஆனால் நகலெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதோ, பென் டிரைவில் உள்ள கோப்பையே திறந்து திருத்திக்கொண்டிருக்கும்போதோ பிடுங்கினால் அந்த முறை உங்களைக் காப்பாற்றாது. உங்கள் பென் டிரைவ் நாளை யாருடைய கணினியில், எந்த அமைப்பில் செருகப்படும் என்பதும் உங்களுக்குத் தெரியாது. கட்டளை கொடுக்க நான்கு விநாடிதான் ஆகும்.

கேள்வி: நான் முறையாகச் சொல்லிவிட்டே எடுக்க நினைக்கிறேன். "கருவி பயன்பாட்டில் உள்ளது" என்று மறுக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டேனே! – புகைப்படக் கலைஞர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் 'எஜெக்ட்' (சேஃப்லி ரிமூவ் போலவே எடுக்க அனுமதி கேட்கும் கட்டளை) கொடுத்ததும் விண்டோஸ், அந்தக் கருவியோடு தொடர்புள்ள நிரல்களிடம் "இதை எடுக்கலாமா?" என்று கேட்கிறது. ஏதேனும் ஒன்று கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அனுமதி கிடைக்காது. நீங்கள் சன்னலை மூடியிருந்தாலும் படங்களின் சிறுபிரதியைத் தயாரிக்கும் நிரலோ, வைரஸ் தடுப்பு நிரலோ பின்னணியில் பிடித்துக்கொண்டிருக்கலாம். மறுத்தது யார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான 'ஈவென்ட் வியூவர்' திறந்து 'சிஸ்டம்' பகுதியில் 225 என்ற எண்ணுள்ள குறிப்பைத் தேடுங்கள். தடுத்த நிரலின் பெயர் அதில் இருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி கேளுங்கள். அவசரமென்றால் கணினியை முழுவதும் அணைத்துவிட்டு எடுங்கள்.

உங்களிடம் இருப்பது சுழலும் தட்டு வகை ஹார்டு டிஸ்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திடீரென்று பிடுங்கினால் உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும். மின்சாரம் நின்றதும், தட்டின் மிச்சச் சுழற்சியிலிருந்தே சக்தி எடுத்து, படிக்கும் முனையை அவசரமாக ஓரம் ஒதுக்கும் ஓசை அது. ஒருமுறை நடந்தால் தாங்கும். கல்யாண ஆல்பங்களைச் சுமக்கும் வட்டுக்கு அதைத் தினப்படி வேலையாக்காதீர்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைத்துவிட்டு எல்லாக் கேபிள்களையும் திரும்பச் செருகினோம். அன்றிலிருந்து பில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஆனால் கணினியில் அதே பெயரில் 'காப்பி 1' என்று இன்னொரு பிரிண்டர் வந்திருக்கிறது. – மருந்துக் கடை உரிமையாளர், விருதுநகர்

பதில்: உங்கள் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐயா. கேபிள் போர்ட் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

முதல் கேள்வியில் சொன்ன குறிப்பில் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும் என்றேன். அவை ரகத்தைத்தான் சொல்லும். அதே ரகத்தில் ஆயிரம் பிரிண்டர்கள் இருக்கலாம். இது எந்தப் பிரிண்டர் என்று சொல்ல அதற்கென்று தனி வரிசை எண் வேண்டும். அந்த எண்ணைக் கருவிக்குள் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அப்போது விண்டோஸ், கருவி எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதையே அதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஆளை முகத்தால் அறியாமல் கதவு எண்ணால் அறிவது போல. அதே ஆள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனால் அவர் புதியவர். பழைய வீட்டு முகவரிக்கே உங்கள் பில் மென்பொருள் தபால் போட்டுக்கொண்டிருக்கிறது.

கேபிளைப் பழைய போர்ட்டில் செருகிப் பாருங்கள். எது பழையது என்று நினைவில்லையென்றால், பழைய பிரிண்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'போர்ட்ஸ்' என்ற தாவலைத் திறந்து, இப்போது பயன்படும் யு.எஸ்.பி. போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துளைக்குப் பக்கத்தில் மார்க்கரால் 'பில்' என்று எழுதிவிடுங்கள். பார்கோடு படிக்கும் கருவி, எடை இயந்திரம் ஆகியவற்றை 'காம்' எண்ணில் (விண்டோஸ் இணைப்புக்கு இடும் எண்) இணைத்திருக்கும் கடைகளுக்கும் இதே தொல்லை உண்டு. துளை மாறும்போது 'காம் 3' என்று இருந்தது 'காம் 5' ஆகிவிடும், மென்பொருள் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: லினக்ஸில் நேற்று 'எஸ்.டி.பி.' என்று வந்த என் பென் டிரைவ் இன்று 'எஸ்.டி.சி.' என்று வருகிறது. ஏன்? – பொறியியல் மாணவர், கோவை

பதில்: தம்பி, லினக்ஸ் சேமிப்புக் கருவிகளுக்கு இடும் பெயர்கள் அவை. கடைசி எழுத்து, கருவி கண்டறியப்பட்ட வரிசை மட்டுமே. இன்று உன் பென் டிரைவுக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. கருவி வந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு செய்தியை அறிவிக்கும். 'யுடெவ்' என்ற நிரல் அதைக் கேட்டு, விதிகளைப் பார்த்து, கருவிக்குரிய பெயர்களையும் அனுமதிகளையும் ஏற்பாடு செய்யும். லினக்ஸ் கெர்னல் நிரலாளர் கிரெக் குரோ-ஹார்ட்மன் முன்னின்று 2003-இல் கொண்டுவந்தது அது. யுடெவ் உனக்காக நிலையான பெயர்களையும் உருவாக்கி வைத்திருக்கிறது. 'டெவ்' அடைவுக்குள் 'டிஸ்க்' என்ற அடைவைத் திறந்து பார். வரிசை எண்ணாலும் யு.யு.ஐ.டி. என்ற அடையாள எண்ணாலும் பெயரிட்ட இணைப்புகள் இருக்கும். நிரந்தரமாக மவுண்ட் செய்ய (கோப்புகளைத் திறக்க ஏதுவாக இணைக்க) வேண்டியதற்கு அவற்றையே பயன்படுத்து. வட்டின் மேலேயே நேரடியாக எழுதும் 'டி.டி.' கட்டளையால் எதையாவது எழுதப் போகிறாய் என்றால், எழுத்தை நம்பி நேற்றைய கட்டளையை அப்படியே ஓட்டாதே. சேமிப்புக் கருவிகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.பி.எல்.கே.' கொடுத்து அளவைப் பார்த்து உறுதிசெய்துகொள். தவறான எழுத்தால் முழு ஹார்டு டிஸ்க்கை இழந்த மாணவர் இருவரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் பழைய கணினி. உருண்டை முனையுள்ள விசைப்பலகையை ஓடும்போதே கழற்றி மாட்டலாமா? – நூலக உதவியாளர், பெரம்பலூர்

பதில்: வேண்டாம். ஊதா நிறத் துளை விசைப்பலகைக்கும் பச்சைத் துளை மவுஸுக்குமான பி.எஸ்/2 முறை அது. ஓடும்போது மாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. மாட்டினாலும் பல கணினிகள் மறுபடி தொடங்கும்வரை அதைக் கண்டுகொள்ளாது. மதர்போர்டில் உள்ள சிறு ஃபியூஸ் போகும் ஆபத்தும் உண்டு. அணைத்துவிட்டு மாட்டுங்கள். 1996-இல் யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு வெளிவந்ததன் அருமை, அதற்கு முன் ஒவ்வொரு கருவிக்கும் கணினியை அணைத்துத் தொடக்கியவர்களுக்குத் தெரியும்.

புதிதில் அதுவும் தடுமாறியது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, அப்போது இன்னும் வெளிவராத விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்த கணினியில் ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். பெரிய திரை முழுவதும் நீலமாகி, கணினி நின்றுபோனது. புதிய கருவிக்கு டிரைவரை ஓடும்போதே அமர்த்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை அன்று உலகமே பார்த்தது.

கேள்வி: பஸ் நிலையத்தில் ஒரு பென் டிரைவ் கிடைத்தது. உரியவரைக் கண்டுபிடிக்கச் செருகிப் பார்க்கலாமா? – இல்லத்தரசி, வேலூர்

பதில்: உங்கள் நல்ல மனசுக்கு வணக்கம், ஆனால் செருகாதீர்கள். "நீ யார்?" என்ற கேள்விக்குக் கருவி சொல்லும் பதிலைக் கணினி அப்படியே நம்புகிறது. பென் டிரைவ் போன்ற தோற்றமுள்ள ஒன்று "நான் விசைப்பலகை" என்று சொன்னால், கணினி அதை விசைப்பலகையாகவே ஏற்று, அது 'தட்டும்' கட்டளைகளை எல்லாம் நிறைவேற்றும். 2014-இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும், சாதாரணப் பென் டிரைவுக்குள் இருந்து அதை இயக்கும் உள்நிரலையே மாற்றி இப்படிச் செய்யலாம் என்று காட்டினார்கள். உள்ளே இருக்கும் கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு நிரலுக்கு இது எளிதில் சிக்காது. நிலையத்து நேரக் காப்பாளர் அறையில் ஒப்படைத்துவிடுங்கள். தொலைத்தவர் தேடி வந்தால் அங்கேதான் வருவார்.

கேள்வி: கைபேசியைக் கேபிளில் இணைத்துப் படங்களை எடுத்த பிறகும் 'எஜெக்ட்' கொடுக்க வேண்டுமா? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: வேண்டியதில்லை. இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசி தன் சேமிப்பகத்தைக் கணினியிடம் ஒப்படைப்பதில்லை. எம்.டி.பி. என்ற முறையில் கணினி கோப்பைக் கேட்கும், கைபேசி எடுத்துக் கொடுக்கும். பதிவேட்டை எழுதுவதும் காப்பதும் கைபேசியேதான். நகலெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கேபிளைத் தொடாதே. படங்கள் கணினியில் சரியாகத் திறக்கின்றனவா என்று நாலைந்தைப் பார்த்த பிறகே கைபேசியில் அழி.